ஜன்னலுக்கு இப்பால்: மருந்தில்லாத ஊசி

முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டபடியால், ஊர்ப் பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பது பற்றிச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தேன். பயன்பட்டது என்று அன்பர் பலர் சொன்னார்கள், மகிழ்ச்சி. இத்திங்கள் பயணச்சீட்டைச் சற்றே மறந்து, அச்சீட்டை எடுத்துக் கொடுக்கும் தோளைப் பற்றி எழுத விரும்புகிறேன். என் தோள்தான். ஆனால் படிக்கப் படிக்க அது உங்கள் தோளாகவும் தோன்றக்கூடும்.

டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பவர்க்கு, உள்ளே இருப்பவன் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே தோன்றும். உண்மையில் அவன் கழுத்து ஓயாமல் உழைக்கிறது. கணிப்பொறி வலப்பக்கம், கண்ணாடியில் பேசும் துளை இடப்பக்கம். இரைச்சலுக்கிடையே பயணி கேட்பது வர்தாவா, வரோராவா என்று அறிய இடப்பக்கம் கழுத்தை நீட்ட வேண்டும். உடனே வலப்பக்கம் திரும்பித் தட்டச்சு செய்ய வேண்டும். மறுபடியும் இடப்பக்கம் சில்லறை நீட்ட வேண்டும். எட்டு மணி நேரமும் இதே வேலை. தோள்களோ, நாம் அறியாமலே காதை நோக்கி உயர்ந்து அங்கேயே நின்றுவிடுகின்றன.

2024ஆம் ஆண்டு கார்த்திகையில், நாகபுரிக் குளிர் தொடங்கிய நாட்களில், என் இடத்தோளில் ஒரு பிடிப்பு ஏற்பட்டது. சில நாட்களில் அது கழுத்தின் பக்கமாக ஏறி, நெற்றிப்பொட்டில் வந்து நின்றது. அடுத்த வீட்டு மராத்திய அம்மையார் என் நடையைப் பார்த்த மாத்திரத்தில், “மான் ஆகட்லீ” என்றார். அவர்கள் மொழியில் ‘மான்’ என்றால் கழுத்து. கழுத்துப் பிடித்துக்கொண்டது என்பது பொருள். பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே வாழ்ந்தும் மராத்தி பழகாத என் தாயார், “மானுக்கு என்னடா ஆயிற்று?” என்று கேட்டார்கள். அன்று வலியோடு சிரித்தேன்.

வீட்டு வைத்தியங்கள் வரிசையாக வந்தன. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார்கள். தைலம் தேய்த்தார்கள். கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விலகும் என்று ஜோலார்பேட்டையிலிருந்து மாமா தொலைபேசியில் சொன்னார். இக்குடியிருப்பில் அவ்வாறு பிறந்தவரை எங்கே போய்த் தேடுவது? ஒத்தடம் கொடுக்கும்போது இதமாக இருக்கும். மறுநாள் ஜன்னலில் அமர்ந்ததும் வலி தன் இருக்கைக்குத் திரும்பிவிடும்.

ஒரு மாலை, “இடது தோள் அல்லவா?” என்று தாயார் கேட்டார்கள். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் ஏன் கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

என் தந்தையார் பார்சல் பிரிவில் பணியாற்றினார். 2007ஆம் ஆண்டு ஒரு மாலை, இடத்தோள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். தாடையும் சேர்ந்து வலிக்கிறது என்றார், வியர்த்துக் கொட்டியது. மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். இதே உப்பு ஒத்தடத்தைத்தான் தாயார் கொடுத்தார்கள். விடியுமுன் அவர் போய்விட்டார். வயது 47. எனக்கு அப்போது 18. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கருணை அடிப்படையில் இந்த உத்தியோகம் கிடைத்தது. அந்த ஒத்தடத்தின் சூட்டைத் தாயார் இன்னும் மறக்கவில்லை.

“முதலில் நெஞ்சைக் காட்டு. தோளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள் மறுநாட் காலையில். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றேன். இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், படி ஏறினால் வலி கூடுகிறதா, மூச்சு வாங்குகிறதா, கை மரத்துப் போகிறதா என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு டாக்டர் என் கழுத்தைத் திருப்பிப் பார்த்துத் தோளை அழுத்தினார். “இதயத்தில் கோளாறு காணவில்லை. இது தசைவலி” என்று சொல்லி, பிசியோதெரபிப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைத் தாயாரிடம் காட்டியபோது, எழுத்துத் தெரியாதவர் போல் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிசியோதெரபி அம்மையார் என் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையை இரு விரல்களால் பிடித்து உருட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் மொச்சைக்கொட்டை போன்ற ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதை அழுத்தியதும், தொட்டது தோளாக இருக்க, வலி நெற்றிப்பொட்டில் போய்த் தெறித்தது. “இதுதானே உங்கள் வலி?” என்றார். இதுவேதான் என்றேன்.

இதனை ஆங்கில மருத்துவர் ‘டிரிகர் பாயிண்ட்’ என்பர். நாம் ‘வலிமுடிச்சு’ என்று சொல்லலாம். தசைநார்க் கற்றையின் ஒரு சிறு பகுதி, சுருங்கியபின் தளராமல் இறுகியே நிற்பதாகவும், அவ்விடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, வலியை எழுப்பும் பொருள்கள் தேங்குவதாகவும் கருதுகின்றனர். இவ்விளக்கத்தை ஏற்காத ஆராய்ச்சியாளரும் உளர். அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஓரிடத்துத் தசையின் வலி வேறிடத்தில் தோன்றும் என்பது பழைய உண்மை. 1938ஆம் ஆண்டிலேயே இலண்டனில் கெல்கிரன் என்னும் மருத்துவர், தசைகளில் உப்பு நீரைச் செலுத்தி, வலி எங்கெங்கே போய்த் தோன்றுகிறது என்று கண்டு எழுதினார். தலைவலிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் சிலருக்கு வேர் தோளில் இருக்கக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

“ஊசி போடலாம்” என்றார் அம்மையார்.

“என்ன மருந்து?” என்றேன்.

“மருந்து ஒன்றும் இல்லை. வெறும் ஊசிதான்.”

ரயில்வேக்காரன் அல்லவா? சரக்கே ஏற்றாத வண்டிக்குக் கட்டணமா என்று எனக்குத் தோன்றியது. அவர் சிரித்துவிட்டு விளக்கினார். இதற்கு ‘டிரை நீட்லிங்’ என்று பெயர். உலர் ஊசிமுறை எனலாம். மருந்து நீர் எதுவும் செலுத்தப்படாமையால் ‘உலர்’ என்கிறார்கள். ஊசியில் துவாரம் கிடையாது. முழுவதும் கெட்டியான மெல்லிய எஃகு. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு; மூன்று நான்கு தலைமுடிகளைச் சேர்த்துத் திரித்தாற்போல் இருக்கும்.

இந்த முறை தோன்றிய வரலாறு சுவையானது. கனடாவில் பிறந்த புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1892இல் வெளியிட்ட மருத்துவ நூலில், கடுமையான இடுப்புப் பிடிப்புக்கு, பெண்கள் தொப்பியில் செருகும் நீண்ட ஊசியைத் தூய்மை செய்து தசையில் செலுத்தலாம் என்று எழுதியிருக்கிறார். பின்னர் அமெரிக்காவில் ஜேனட் டிராவல் என்னும் பெண் மருத்துவர், வலிமுடிச்சுகளைத் தேடிக் கண்டு அவற்றில் மரப்பு மருந்தை ஊசியால் செலுத்தி வந்தார். தீராத முதுகுவலியால் வருந்திய ஜான் கென்னடிக்கு அவர் 1955 முதல் சிகிச்சை செய்தார். கென்னடி அதிபரானபின் 1961இல் அவருடைய சொந்த மருத்துவராகவும் நியமிக்கப்பட்டார். அப்பதவியை வகித்த முதற்பெண் அவரே. டேவிட் சைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதி 1983இல் வெளிவந்த நூல், உடலின் எந்தத் தசை எங்கே வலியைக் காட்டும் என்பதற்கு ஒரு கால அட்டவணை போல் இன்றும் பயன்படுகிறது.

டிராவல் அம்மையார் செலுத்தியது மருந்தோடு கூடிய ஊசி. குணம் தந்தது மருந்தா, ஊசியா? இக்கேள்வியை எழுப்பியவர் செக்கோஸ்லோவாகியா நாட்டு மருத்துவர் காரெல் லெவிட். 1979இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், 241 நோயாளிகளின் 312 வலியிடங்களில் ஊசி மட்டும் செலுத்தியதில், நூற்றுக்கு ஏறக்குறைய 87 இடங்களில் வலி உடனே தணிந்ததாகக் கூறினார். ஊசி வலியிடத்தில் சரியாகப் பட வேண்டும் என்பதே அவர் வற்புறுத்திய செய்தி. ஊசியிடாத வேறு நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி அன்று அது. ஆகவே அந்த எண்ணிக்கையை முழு வாக்குறுதியாகக் கொள்ளலாகாது. எனினும் உலர் ஊசியைப் பற்றிப் பலரும் ஆராயத் தொடங்கியதற்கு அக்கட்டுரை காரணமாயிற்று.

இது சீனத்து அக்குபங்சர் அன்றோ என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். ஊசி ஒன்றுதான், கொள்கை வேறு. அக்குபங்சர் முறையில், உடலில் உயிராற்றல் ஓடும் பாதைகள் உள்ளனவென்று கொண்டு, அப்பாதைகளில் குறித்துள்ள இடங்களில் ஊசி செருகுவர். உலர் ஊசிமுறையிலோ பாதை கிடையாது; விரலால் தடவித் தசையில் முடிச்சு எங்கே இருக்கிறதோ அங்கே செலுத்துவர். நடைமுறையில் இரண்டும் சிற்சில இடங்களில் ஒத்துப்போவதும் உண்டு.

இனி என் அனுபவம். என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். கை கழுவிக் கையுறை அணிந்தார். முத்திரையிட்ட உறையை என் கண்முன்னே பிரித்து ஊசியை எடுத்தார். தோளின் தசையை விரல்களால் கவ்வி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊசியைச் செலுத்தினார். தோலில் நுழைந்தது தெரியவேயில்லை. முடிச்சில் பட்டதும், தூண்டிலை மீன் வெட்டி இழுத்தாற்போலத் தசை தானாக ஒரு முறை துடித்தது. அப்படித் துடிப்பது முடிச்சில் பட்டதற்கு அடையாளம் என்றார். சில நொடி கனத்த வலி, பின் தளர்வு. சில நிமிடங்களில் வேலை முடிந்தது. ஊசி, கூரிய பொருள்களுக்கான பெட்டியில் எறியப்பட்டது.

உண்மையை மறைக்கக் கூடாது. அன்றும் மறுநாளும் மூட்டை சுமந்தவன் போல் தோள் நொந்தது. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கும்போதுதான் கவனித்தேன், கழுத்து இடப்பக்கம் தடையின்றித் திரும்பியது. வாரம் ஒன்றாக நான்கு முறை சென்றேன். நெற்றிப்பொட்டு வலி இரண்டாம் வாரத்தில் நின்றது. தோள்வலி முழுதும் அகலாவிடினும் பெரிதும் குறைந்தது.

இந்தப் பலனில் ஊசியின் பங்கு எவ்வளவு? அம்மையாரே தெளிவாகச் சொன்னார்: “ஊசி சிக்னலைத்தான் இறக்கும். வண்டியை நகர்த்த வேண்டியவர் நீங்கள்.” நான் ரயில்வேக்காரன் என்பதால் சொன்ன உவமை. கழுத்தையும் தோளையும் நீட்டி மடக்கும் பயிற்சிகளை நாள்தோறும் செய்தால்தான் நிலைக்கும் என்றார். ஆராய்ச்சிகள் கூறுவதும் ஏறத்தாழ இதுவே. சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ வலியைத் தணிப்பதில், ஒன்றும் செய்யாமலிருப்பதைவிட உலர் ஊசி நன்று. பல திங்கள் கழித்தும் நன்மை நிற்கிறது என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. மற்ற பிசியோதெரபிச் சிகிச்சைகளைவிட உயர்ந்தது என்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஊசி குத்தப்பட்டது நோயாளிக்குத் தெரிந்துவிடும் ஆகையால், நம்பிக்கையால் வந்த குணத்தைப் பிரித்தறிவதும் எளிதன்று.

இதை எழுத நேர்ந்த காரணத்தை இப்போது சொல்கிறேன். பொங்கல் விழா முடிந்த மாலையில், நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் என் தோளின் கதையைக் கேட்டுவிட்டு, “எனக்கும் முழங்காலின் பின்புறம் பிடிப்பு. வீட்டுக்கே வந்து ஊசி குத்தும் ஆள் ஒருவன் இருக்கிறான். பத்து நாளில் கற்றுக்கொண்டானாம். கட்டணமும் குறைவு. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்” என்றார். பேச்சோடு பேச்சாக, “ஐயா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டேன். “இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் அல்லவா, அதற்காக இரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை” என்றார், மிகச் சாதாரணமாக. அந்த ஊசிக்காரர் அவரிடம் அதைக் கேட்கவேயில்லை. அன்றிரவே அவர் மகனிடம் பேசினேன். பெரியவர் மறுநாள் ஊசிக்காரரை நிறுத்திவிட்டுத் தம் இதய மருத்துவரைப் பார்த்தார். என் கதையைக் கேட்டு ஒருவர் தீங்கில் விழ நேர்ந்திருக்குமே என்று எண்ணியபோது, பாதிக் கதையை மட்டும் சொல்வது தகாது என்று உணர்ந்தேன்.

ஆகவே மீதிக் கதையும் கேளுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், இரத்தப் போக்கு நோயுடையோர், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியோர், நீரிழிவினால் உணர்ச்சி மரத்தோர், ஊசியைக் கண்டால் மயங்குவோர் ஆகியோர் தம் மருத்துவரைக் கேளாமல் இதற்கு உடன்படலாகாது. காய்ச்சல் உள்ளபோதும், தோலில் புண்ணோ சீழோ உள்ள இடத்திலும் ஊசி கூடாது. சிறிது இரத்தக் கசிவும், நீலம் பாய்தலும், ஓரிரு நாள் நோவும் பலருக்கு வரும்; அவை தாமே ஆறும்.

அஞ்ச வேண்டிய தீங்கு வேறு. நம் நுரையீரலின் உச்சி, கழுத்துப்பட்டை எலும்புக்கும் மேலே எட்டி நிற்கிறது. தோள், மேல்முதுகு, மார்பு ஆகிய இடங்களில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைத் துளைத்துவிடக்கூடும். அருகியே நேர்வது, ஆயினும் நேர்ந்ததுண்டு. தசையைக் கவ்வித் தூக்கிப் பிடித்து அம்மையார் ஊசி செலுத்தியதன் காரணம் இதுவே. ஊசி போட்ட அன்றோ, மறுநாளோ மூச்சுத் திணறலும், நெஞ்சில் குத்தலும், வறட்டு இருமலும் தோன்றினால் ஒத்தடம் கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

ஊசி போடுபவரிடம் கேட்கத் தயங்காதீர். நீங்கள் எங்கே படித்தீர்கள்? இம்முறையில் தனிப்பயிற்சி உண்டா? ஊசி புதியதா? நம் ஊரை விட்டு வந்து, பிறர் மொழியில் பேசி வாழும் நமக்கு, அரைகுறை இந்தியில் இவற்றைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். என்னைக் கேட்டால், கூச்சத்தைவிட நுரையீரல் பெரிது. மொழி தெரிந்த பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். உண்ணும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நாம் சொல்ல மறந்ததை அது சொல்லும்.

பெரும்பாலான தசைப்பிடிப்புகளுக்கு ஊசியே வேண்டியதில்லை. இளஞ்சூடும், நடையும், எளிய பயிற்சியும், சில வாரப் பொறுமையும் போதும். அரைமணிக்கொருமுறை இருக்கையை விட்டு எழுந்து தோள்களைச் சுழற்றுங்கள். குழந்தையை ஒரே இடுப்பில் சுமக்கும் தாய்மார் பக்கம் மாற்றுங்கள். கைப்பேசியை மடியில் வைத்துக் கழுத்தை வளைக்கும் பிள்ளைகளிடம் அதைக் கண்ணளவுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். கை கால் மரத்துப் போதல், வலுக் குறைதல், சிறுநீர் அடங்காமை, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் இவற்றுள் ஒன்று வலியோடு சேர்ந்து வருமானால், அது வெறும் பிடிப்பு என்று இருந்துவிடாதீர்கள்.

தோள்வலியோடு தாடைவலியோ, வியர்வையோ, மூச்சுத் திணறலோ, நெஞ்சில் பாரமோ சேர்ந்தால், அது எந்தத் தோளாயினும், எந்த நேரமாயினும், தைலப் புட்டியைத் தேடாமல் வண்டியைத் தேடுங்கள். 108 என்னும் எண் நம் மனப்பாடமாக இருக்கட்டும். இந்த ஒரு வரிக்காகவே இக்கட்டுரை முழுவதும் எழுதினேன் என்று கொண்டாலும் தவறில்லை.

இப்போதெல்லாம் நான் வேலை முடிந்து வீடு திரும்பியதும் தாயார் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். முதற்கேள்வி, “நெஞ்சு?” இரண்டாவது, “தோள்?” இரண்டுக்கும் நல்ல விடை சொன்ன பிறகுதான் காப்பி வரும். அந்த வரிசை சரியானது என்பதை எங்கள் வீட்டில் யாரும் மறப்பதற்கில்லை.

அடுத்த திங்கள் மறுபடியும் பயணச்சீட்டுக்கே வருவோம். அதுவரை தோள்களைத் தளர்த்தி அமருங்கள்.